தட்டிக்குப் பின்னால் ஒரு கிட்டார்

ஹபீபுல்லா பாயைப் பற்றி எழுத வேறு யாருக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. எட்டு வருஷம் அந்த மனிதருக்கு மைக் கொடுக்காதவன் நான்தான்.

தென்காசியில் ‘நல்லகண்ணு சவுண்ட் சர்வீஸ்’ என்ற பெயரில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். சடங்கு வீடு, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், கோயில் கொடை, எதுவானாலும் என்னுடைய இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு மைக்கும் மாட்டு வண்டியில் போய் இறங்கும். சங்கரநாராயணன் நடத்திய தென்றல் இன்னிசைக் குழுவுக்கும் நான்தான் மைக் செட். ஒரு மைக் பாடுகிறவருக்கு. இன்னொன்று ஆர்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் நடுவில் பொதுவாக நிற்கும். பாடுகிறவருக்கு ஒரு கை தள்ளி, பின்னால் மர நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசித்த பாய்க்கு ஒன்றும் கிடையாது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனுக்குப் பாயசம் தீர்ந்துபோகுமே, அந்த மாதிரிதான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாய் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பதிமூன்று வயதில் கொழும்புக்குப் போனார். புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடித்துப் போடுகிற வேலை. தங்கியிருந்த அறைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பறங்கிக் குடும்பம். அந்த வீட்டு ஆள் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நாலைந்து பேரைச் சேர்த்து டான்ஸ் பார்ட்டிக்கு வாசிக்கப் போவார். ஒரு சனிக்கிழமை அவர்களுடைய கிட்டார்க்காரனுக்குக் காய்ச்சல். ஜன்னல் வழியாக மாதக்கணக்கில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பியில் விரல் வைக்க மூன்று பிடி காட்டினார்கள். “மாத்தி மாத்தி இதையே பிடி. என்ன ஆனாலும் வேகம் மட்டும் மாறக் கூடாது” என்றார்கள். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த சங்கீதப் பாடம். காய்ச்சல்காரன் திரும்பி வந்த பிறகும் பாயை அவர்கள் விடவில்லை.

நடுவில் ஊருக்கு வந்து சைதூன் பீவியைக் கட்டினார். ஷமீம் பானு பிறந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயதாகும்போது கொழும்பில் அவருடைய தங்கும் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. ஐம்பத்தைந்தில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினார். கூடக் கொண்டுவந்த கிட்டாரின் வயிற்றுக்குள் தங்கம் இருக்குமோ என்று சுங்கத்தில் கம்பியை எல்லாம் கழற்றச் சொல்லிப் பார்த்தார்களாம். உள்ளே தூசிதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஆறு கம்பியையும் மாட்டிச் சுருதி கூட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. ஒரு நாள் தாமதமாக ஊருக்கு வந்து சேர்ந்தவரின் ஒரு கையில் சின்னப் பெட்டி, இன்னொரு கையில் அதைவிடப் பெரிதாக இது. “கொழும்புல இருந்து சீலை வரும்னு பார்த்தா கட்டை வருது” என்று சைதூன் பீவி அன்றைக்குச் சொன்னதைப் பாயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஊரில் அண்ணன் வீட்டுத் தறியில் உட்கார்ந்தார். அடுத்த வருஷம் சங்கரநாராயணன் காதில் செய்தி விழுந்தது. சங்கரநாராயணன் தாலுகா ஆபீஸில் கிளார்க். ஆர்மோனியம் வாசிப்பார். நோட்டீஸில் போடுவதற்கு அவருக்குப் புதுசாக ஏதாவது தேவைப்பட்டது. ‘கிட்டார்: கொழும்பு ஹபீபுல்லா’ என்று கொட்டை எழுத்தில் அடித்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கிட்டாரைப் படத்தில் பார்த்தவர்கள்தான் உண்டு. கல்யாண வீடுகளில் பாயைப் பார்த்ததும் சுற்றி நின்று தொட்டுப் பார்ப்பார்கள். கச்சேரி ஆரம்பித்த பிறகு அவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏனென்றால் எதுவும் கேட்காது.

பாடுகிறவர் ஆவுடைநாயகம். வாய்க்கால் பாலத்தருகே தையல் கடை வைத்திருந்தார். ஆண் குரலிலும் பாடுவார், பெண் குரலிலும் பாடுவார். பெண் குரலில் பாடும்போது முகத்தைக் கைக்குட்டையால் பாதி மறைத்துக்கொள்வார், அதற்கே தனியாகக் கைதட்டல் விழும். முதல் ஒத்திகையில் அவர் “ஒன்றரைக் கட்டை” என்றாராம். எந்தக் கட்டை என்று பாய் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். கொழும்பில் அவர் படித்த சுருதிக் கணக்கே வேறு. பிறகு ஆர்மோனியத்தில் தொட்டுக் காட்டியதும் புரிந்துகொண்டு, ஒரு பென்சிலைக் கிட்டார்க் கழுத்தில் குறுக்கே வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டி, அதே மூன்று நான்கு பிடியை ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றிவிட்டார். ஆவுடைநாயகத்தின் தொண்டை கட்டினால் பென்சில் ஒரு கட்டம் கீழே இறங்கும். அவர் தொண்டையை அவருக்கு முன்னால் பாய் கண்டுபிடித்துவிடுவார்.

ஆவுடைநாயகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். கைதட்டல் கேட்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது. பாட்டு ஓட ஆரம்பித்துவிடும். தபேலாக்காரரும் கூடவே ஓடுவார். சங்கரநாராயணன் விரல் தடுமாறும். அப்போது பின்னால் இருந்து ‘ஜங்-சக்க, ஜங்-சக்க’ என்று பாயின் கை ஒரே மாதிரி விழுந்துகொண்டிருக்கும். மேடையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் அது கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் திரும்பி வருவார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, இந்த மனிதர் எதற்கு, பார்வைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தரம் பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். “பாய், உமக்கும் ஒரு மைக் வாங்கணும்னு நினைக்கேன்.”

“எனக்கு எதுக்குலே நல்லகண்ணு? பாடுதவருக்குக் கேட்டாப் போதும். ஜனங்களுக்கு அவரு பாடுதது கேட்டாப் போதும்.”

நான் வாங்கவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஷமீம் பானு பெரியவளானாள். பெண் கேட்டு வந்தார்கள். முதல் இடம், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்ததோடு வராமல் போயிற்று. இரண்டாவது இடம் நாள் குறித்த பிறகு உடைந்தது. பாய் குடிக்கமாட்டார், தொழுகை விடமாட்டார், தறியில் அவர் கை சுத்தம் என்று தெருவே சொல்லும். ஆனால் கல்யாண வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சினிமாப் பாட்டு வாசிக்கிறவர். அது போதும். பெண் கொடுக்கிற எடுக்கிற பேச்சு வந்தால் நம்மவர்கள் எல்லாரும் ஒரே சாதிதான். எங்கள் ஆவுடைநாயகத்துக்கும் இதே கதைதான். கச்சேரிக்கு முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் வீட்டில்தான் ஆவுடைநாயகத்தின் தங்கைக்கு மாப்பிள்ளை இல்லை என்றார்கள்.

இரண்டாவது இடம் உடைந்ததும் ஷமீம் பானு சாப்பிடாமல் இரண்டு நாள் படுத்திருந்தாளாம். பாய் என்னிடம் அதைச் சொன்னபோது தலையை நிமிர்த்தவில்லை.

அறுபத்து நாலு சித்திரையில் மூன்றாவதாகச் செங்கோட்டையில் இருந்து ஒரு இடம் வந்தது. துல்கர்னைன் என்று மிளகு, சுக்கு வியாபாரி. மகன் மூசா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்த அன்று மூசா வாசலில் செருப்பை விடும்போது, ஏற்கெனவே அங்கே கலைந்து கிடந்த செருப்புகளையும் காலால் ஒதுக்கி வரிசையாக்கினானாம். ஜன்னலில் இருந்து அதைப் பார்த்துவிட்டு ஷமீம் பானு உம்மாவிடம், “இவரு போதும்மா” என்றாள். பெண் வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

துல்கர்னைன் தரகரிடம் ஒரே நிபந்தனை போட்டார். “தறி போடுற மனுஷன் மகள்னா எனக்குச் சம்மதம். மேடையில குந்தி வாசிக்கிறவர் எனக்குச் சம்பந்தியா வேண்டாம், கேட்டோ. கிட்டாரை விட்டாச்சுன்னு வாக்குத் தரட்டும்.” வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பாட்டுப் பைத்தியம். கிராமபோன் பெட்டியும் நூறு தட்டும் வீட்டில் வைத்திருந்தார். நாலு ஊர்க் கச்சேரிக்குப் போவார். பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் கூடாது.

பாய் வாக்குக் கொடுத்தார். கிட்டாரைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சங்கரநாராயணனின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே, “அண்ணாச்சி, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. பிள்ள காரியம்” என்றார். சங்கரநாராயணன் வற்புறுத்தவில்லை. அவருக்கும் இரண்டு பெண்கள்.

குழுவுக்கு ஆடி முதல் வாரம் குற்றாலத்தில் சீசன் பொருட்காட்சியில் கச்சேரி. மதுரை, திருநெல்வேலிப் பெரிய மனிதர்கள் எல்லாம் குளிக்க வந்திருக்கும் நேரம். கிட்டார் இல்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். மூன்றரை நிமிஷப் பாட்டு இரண்டே முக்கால் நிமிஷத்தில் முடிந்தது. தபேலாக்காரர் ஆவுடைநாயகத்தைத் திட்டினார், ஆவுடைநாயகம் தபேலாக்காரரைத் திட்டினார். அப்புறம் இரண்டு பேரும் பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கச்சேரிக்கு முந்தின நாள் ஆவுடைநாயகம் தறிக்குப் போய்ப் பாயைப் பார்த்தார். நானும் கூடப் போனேன்.

“பாய், நாளைக்கு ஒரு நாள். மேடைக்கு வர வேண்டாம். பின்னாடி தட்டிக்கு அங்கிட்டு நல்லகண்ணு கூட இரும். உம்மை ஒரு ஈ காக்கா பாக்காது.”

“வாக்குக் கொடுத்துருக்கேன் ஆவுடைநாயகம்.”

“மேடையில வாசிக்க மாட்டேன்னுதானே வாக்கு? மேடைக்குப் பின்னாடின்னு அவரு சொல்லலையே.”

பாய் சிரிக்கவில்லை. கிட்டாரை விட்டாச்சு என்றுதான் வாக்கு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தறிக்கட்டையைத் தடவினார். பிறகு, “எத்தனை மணிக்கு?” என்றார்.

இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். தப்புத்தான். மூன்று மாதமாக அவர் கை பட்ட பாடு எனக்குத் தெரியும். பேசும்போது வேட்டி மேல் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அவர் கிளம்பியதற்கு ஆவுடைநாயகம் மட்டும் காரணம் இல்லை.

மறுநாள் மத்தியானம் சைதூன் பீவியிடம் தறிக்குப் பாவு நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார். கிட்டாரைச் சாக்கில் சுற்றி என் வண்டியில் வயர் கட்டோடு போட்டுக்கொண்டோம். சாயங்காலம் நாலரை மணிக்குக் கச்சேரி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் தென்னந்தட்டி கட்டியிருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் என் ஆம்ப்ளிபயர், அதன் பக்கத்தில் முக்காலியில் பாய்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. இத்தனை வருஷம் ஆவுடைநாயகத்துக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்ததால் பாய்க்கு மைக் தேவைப்படவில்லை. இப்போது நடுவில் தட்டி. போதாததற்குப் பேரருவி இரைச்சல். குழுவுக்கு அவர் வாசிப்பது கேட்கவே கேட்காது. நல்ல வேளையாக அந்த வருஷம் மூன்றாவது மைக் ஒன்று வாங்கியிருந்தேன். அதைப் பாய் முன்னால் வைத்தேன். மேடையோரம் கட்டியிருந்த குழாயில் மெல்லிசாகக் கேட்டால் அவர்களுக்குப் போதும்.

என் ஆம்ப்ளிபயரில் மைக்குக்கு இரண்டு ஓட்டைதான். மூன்றாவது ஓட்டை கிராமபோன் தட்டு போடுவதற்கு. அதில் இந்த மைக்கைச் செருகினேன். அதுவரை ஜனம் சேர்வதற்காகத் தட்டு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு போட்டால் குமிழை முழுக்கத் திருப்பிவிடுவது மைக் செட்டுக்காரனுக்குக் கைப்பழக்கம். சத்தம் நாலு தெரு கேட்டால்தானே தொழில். வயரை மாற்றினேன், குமிழைக் குறைக்கவில்லை. தொழிலுக்கு வந்து பதினைந்து வருஷத்தில் அப்படி ஒரு மடத்தனம் செய்ததில்லை.

சங்கரநாராயணன் ஆர்மோனியத்தில் கை வைத்தார். பாய் முதல் கம்பியைத் தட்டினார். அந்தச் சத்தம் குழாய் வழியாகப் பொருட்காட்சி முழுக்கப் போய் விழுந்தது. சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்ததைத் தட்டி இடுக்கில் நானே பார்த்தேன். ‘ஜங்-சக்க, ஜங்-சக்க.’ பாய் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என் கை குமிழுக்குப் போயிற்று.

குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை. எட்டு வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்த மனிதர் வாசிப்பதை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒன்றும் பெரிய வித்தை இல்லை, நாலு பிடிதான். ஆனால் ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. பாட்டு தொய்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தினார், ஆவுடைநாயகம் மூச்சு வாங்குகிற இடத்தில் விட்டுக்கொடுத்தார். வெட்கமாக இருந்தது எனக்கு. குமிழில் இருந்து கையை எடுத்துவிட்டேன். பாய் என்னைக் கேள்வியாகப் பார்த்தார், நான் “வாசியும்” என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது பாட்டு நடக்கும்போது இடுக்கு வழியாக வெளியே பார்த்தவர், கை நிற்காமலே என் பக்கம் குனிந்தார். “நல்லகண்ணு, முன்னாடி நாற்காலியில துண்டு போட்டுருக்காருலா, அவருதான் சம்பந்தி.”

குளித்த ஈரத் தலையோடு துல்கர்னைன் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை. செங்கோட்டையில் இருந்து குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர் பொருட்காட்சிக்கும் வருவார் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். பாய்க்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எழுந்து ஓடலாம். ஓடினால் மேடையில் பாட்டு சரிந்துவிடும். வாசித்துக்கொண்டே இருந்தார். பயத்திலும் வேகம் மாறவில்லை.

அந்தப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் துல்கர்னைன் எழுந்து மேடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நான் பாய்ந்து போய்த் தட்டி மூலையில் வழியை மறித்து நின்றேன்.

“மைக் செட்டுக்காரரே, அந்தக் கிட்டார் வாசிக்கிறது யாராக்கும்? மேடையில ஆளைக் காணோமே.”

“உள்ள வராதீங்க மொதலாளி. வயரெல்லாம் ஈரத்துல கிடக்கு. மிதிச்சா ஆளைத் தூக்கிரும்.”

அவர் ஒரு அடி பின்வாங்கினார். “ஆளைச் சொல்லும்.”

“பழைய ஆளு நின்னுட்டாரு. இவரு போத்தனூர்ல ஒரு சட்டைக்காரரு, ஆங்கிலோ இந்தியன். ரெயில்வேயில இருக்காரு. பேரு டிக்சன். ரொம்பக் கூச்சம், ஆளுக முன்னாடி உட்காந்தா அவருக்குக் கை ஓடாது.” பொய் இப்படி வாயில் வழிந்து வரும் என்று எனக்கே தெரியாது.

“என்னா கை! என் பெட்டியில நூறு தட்டு இருக்கு. அதுல இந்த மாதிரி ஒண்ணு கிடையாது, கேட்டோ. மத்தவங்க பாடுறாங்க, இவரு எல்லாரையும் நடத்திக் கூட்டிட்டுப் போறாரு. இதை அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லும்.”

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கையெட்டும் தூரத்தில், தட்டிக்கு அந்தப் பக்கம், பாய் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். துல்கர்னைன் தன் கையில் இருந்த மங்குஸ்தான் பழப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, “அந்தச் சட்டைக்காரருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாயின் மடியில் பொட்டலத்தை வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவருக்குப் பிடிச்சிருக்குலே” என்றார். அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்குப் போனதும் சைதூன் பீவியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். “அந்த மனுஷன் இன்னும் ரெண்டு எட்டு வச்சிருந்தா என் பிள்ள என்ன ஆயிருப்பா? அந்தக் கட்டையா உங்களுக்குப் பெருசு?” என்று அவள் கேட்டாளாம். ஷமீம் பானுதான் பழத்தை உடைத்து வாப்பா கையில் ஒரு சுளை கொடுத்துவிட்டு, “நல்லா வாசிச்சீங்களா வாப்பா?” என்று கேட்டாளாம்.

“தெரியலம்மா. எல்லாருக்கும் கேட்டுச்சு” என்றாராம் இவர்.

அதோடு சரி. மறுநாளே கிட்டாரை ஆவுடைநாயகத்தின் தையல் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். சம்பந்தி வந்துபோகிற வீட்டில் அது இருக்கக் கூடாது என்று சைதூன் பீவி சொன்னதில் நியாயம் இருந்தது. ஐப்பசியில் நிக்காஹ் நடந்தது. ஷமீம் பானு கழுத்தில் கருகமணி ஏறியது. மூசா நல்ல பையன், இப்போதும் அப்படித்தான். தென்றல் இன்னிசைக் குழு இன்னும் இரண்டு வருஷம் ஓட்டமும் நடையுமாகக் கச்சேரி செய்துவிட்டுக் கலைந்துபோயிற்று. வேறு ஆளைப் போட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பாய் மேடைக்கு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு. ஜும்ஆ முடிந்து தையல் கடைக்கு வந்து அரை மணி நேரம் கிட்டாரை எடுத்து வைத்துக்கொள்வார். காஜா எடுத்துக்கொண்டே ஆவுடைநாயகம் கீழ்க்குரலில் பாடுவார். சில நாள் நானும் போய் உட்காருவேன்.

இந்த அளவில் முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு மனிதர் பிள்ளைக்காக ஒன்றை விட்டார், அவ்வளவுதானே என்று போயிருப்பேன்.

அறுபத்தேழு தை மாதம் துல்கர்னைன் செங்கோட்டை பஜாரில் புதுக் கடை திறந்தார். மைக் செட்டுக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தட்டிக் கழித்துப் பார்த்தேன், விடவில்லை. போனேன். திறப்பு விழா முடிந்ததும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு முற்றத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அங்கே சம்பந்தி நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, கையில் சர்பத் தம்ளரோடு பாய் இருந்தார். என்னைப் பார்த்து யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் தலையசைத்தார்.

“மைக் செட்டுக்காரரே, நம்ம டிக்சன் எப்படி இருக்காரு?” என்று கேட்டார் துல்கர்னைன்.

“அவரு வாசிக்கிறதை விட்டுட்டாரு மொதலாளி.”

“ஏன்?”

“வீட்டுல ஏதோ கஷ்டம்னு கேள்வி.”

“பாவி மனுஷன்! அந்தக் கையை வச்சுக்கிட்டு விடலாமா?” உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு பாய் பக்கம் திரும்பினார். “சம்பந்தி, நீங்களும் ஒரு காலத்துல கிட்டார் தொட்டவருதானே. அன்னைக்குக் குற்றாலத்துல நீங்க இருந்துருக்கணும். குறையா நினைக்கப்பிடாது, உங்க வாசிப்பு அந்த ஆள் பக்கத்துல வருமா?”

சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். வாக்குத் தவறினார் என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், அந்த வீட்டில் வாழ்கிற பெண்ணுக்கு அது காலத்துக்கும் சொல்லிக்காட்டுகிற பேச்சாக ஆகிவிடும். அது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“வராது மச்சான்” என்றார் பாய். “எங்கருந்து வரும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், உள்கட்டு வாசலில் ஷமீம் பானு நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு, இடுப்பில் பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வாப்பாவை அவள் பார்க்கவில்லை. மாமனாரைத்தான் பார்த்தாள்.

“மாமா, அவரு எப்படி வாசிச்சாரு? நான் அதைக் கேட்டதே இல்லையே. முதல்ல இருந்து சொல்லுங்க.”

மருமகள் கேட்டதில் துல்கர்னைனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் கம்பி விழுந்ததும் பொருட்காட்சியே திரும்பிப் பார்த்ததைச் சொன்னார். நாற்காலிக் கையில் உள்ளங்கையால் தட்டி அந்த நடையைப் போட்டுக் காட்டினார். எந்த இடத்தில் அழுத்தினார், எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தார் என்று ஒவ்வொரு பாட்டாகச் சொன்னார். இத்தனை கேட்டிருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மகளுக்குப் பின்னால் சைதூன் பீவியும் வந்து நின்றுகொண்டாள். பாய் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் இருந்து வந்ததைத் துடைக்கவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும் என்று.

துல்கர்னைன் சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். ஷமீம் பானு விடவில்லை. பிள்ளையை இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “அப்புறம் மாமா?” என்றாள்.